கண்ணாடிக்கு வயது பார்த்தல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வீட்டிலுள்ள பழைய கண்ணாடிப் பொருட்களைப் பற்றி எழுதிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை வன்னியிலிருந்து வந்தவை என்பது என்னை நெகிழச் செய்தது. பல தடவை இடம்பெயர்ந்து, கையில் எடுத்த பையோடு நடந்த குடும்பங்களிடம் கண்ணாடி மிஞ்சியிருப்பது எளிதான காரியமல்ல. மிஞ்சியவை கிணற்றுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடந்தவை, அல்லது யாரோ ஒருவர் சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்தவை. ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் இயன்றவரை விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, அப்பப்பாவின் வளவுக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளியபோது தடித்த பச்சைப் போத்தல் ஒன்று வந்தது. கழுத்து நெரித்தாற்போல ஒடுங்கியிருக்கிறது. அதற்குள் ஒரு போளை உருள்கிறது. உடலில் தேய்ந்த ஆங்கில எழுத்துகள் உள்ளன. கண்ணாடிக்குள் குமிழிகள் இருப்பதால் இது ஒல்லாந்தர் காலத்தது என்று பெரியப்பா சொல்கிறார். சரியா? – வாசகர், மாங்குளம்

பதில்: பெரியப்பாவின் ஊகத்தை இந்தப் போளையே மறுத்துவிடுகிறது. ஒல்லாந்தரின் ஆட்சி இலங்கையில் 1796இல் முடிந்தது. கழுத்துக்குள் கண்ணாடிப் போளையை வைத்து வாயை அடைக்கும் போத்தலுக்கு இங்கிலாந்தின் ஹைரம் கோட் என்பவர் காப்புரிமை பெற்றது 1872இல். வாயின் உட்புறத்தில் ஓர் இறப்பர் வளையம் இருக்கும். போத்தலைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்பி நிமிர்த்தும்போது, உள்ளிருக்கும் வாயு போளையை அந்த வளையத்தோடு அழுத்தி இறுக்கிவிடும். குடிப்பவர் போளையை உள்ளே தள்ளித் திறப்பார். ஊற்றும்போது அது மீண்டும் வாய்க்கு ஓடி வராமல் தடுத்து வைப்பதற்காகவே கழுத்தில் அந்த நெரிப்புகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் போத்தல் 1872க்கு முற்பட்டதாக இருக்க வழியே இல்லை.

குமிழியைக் கொண்டு வயது சொல்வது நம்மிடையே பரவலாக உள்ள ஒரு பிழை. உலையில் கண்ணாடிக் குழம்பு போதிய நேரம் தெளிய விடப்படாவிட்டால் குமிழி தங்கும். அது 1750இலும் நடக்கும், நேற்றும் நடக்கும். தடிப்பும் அப்படித்தான், பச்சை நிறமும் அப்படித்தான். மணலில் இயல்பாகக் கலந்திருக்கும் இரும்பு தருகிற நிறம் அது. காலம் தருகிற நிறம் அல்ல. வயதைக் கண்டுபிடிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று இடங்கள்தாம்: பொருத்துக்கோடு, வாய் விளிம்பு, அடி.

இரண்டு துண்டு அச்சைச் சேர்த்து மூடி அதற்குள் ஊதிய போத்தலில், அச்சுகள் சந்தித்த இடத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று இரு பக்கமும் மேலேறும். அதை நகத்தால் தடவிக்கொண்டே போங்கள். கோடு தோளிலோ கழுத்திலோ மறைந்துவிட்டால், வாயை ஒரு தொழிலாளி பின்னர் சூடாக்கிக் கருவியால் உருட்டிச் செய்திருக்கிறார் என்று பொருள். கோடு கழுத்தையும் கடந்து விளிம்பின் உச்சிவரை ஓடினால், முழுப் போத்தலையும் இயந்திரமே செய்திருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவென்ஸ் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை 1903இல் வெற்றிகரமாக ஓட்டினார். அதன்பின் வந்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே பெரும்பாலான போத்தல்கள் இயந்திரத்துக்கு மாறின. விதிவிலக்கு ஒன்று உண்டு. சில திராட்சரசப் போத்தல்களை அச்சுக்குள்ளேயே சுழற்றியபடி ஊதினார்கள். அவற்றில் பொருத்துக்கோடு அழிந்துபோய், உடலைச் சுற்றி மெல்லிய கிடைவரிகள் மட்டும் தெரியும்.

போளைப் போத்தலிலோ, வாய் செய்வதே ஒரு தனிக் கலை. போளையை உள்ளே இட்ட பிறகுதான் வாயை ஒடுக்கி, இறப்பர் வளையத்துக்கான பள்ளத்தையும் அமைக்க வேண்டியிருந்தது. எனவே பழைய போளைப் போத்தலின் விளிம்பில் கை வேலையின் சிறு கோணல் தெரியும். உங்கள் போத்தலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எழுத்து. காகிதத்தை எழுத்தின் மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் தேய்ந்த எழுத்தும் வாசிக்க வரும். அக்காலச் சோடாக் கம்பனிகள் தங்கள் பெயரையும் ஊரையும் பொறித்த போத்தல்களை இங்கிலாந்திலிருந்து தருவித்தார்கள். அடியிலோ உடலின் கீழ்ப்பகுதியிலோ பார்ன்ஸ்லி என்ற ஊர்ப்பெயர் தென்பட்டால், கோட் கூட்டுச் சேர்ந்து போத்தல் செய்வித்த ஊர் அது. சோடாக் கம்பனியின் ஊர் கொழும்பா யாழ்ப்பாணமா என்பதும் முக்கியம். வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905இல். அதற்கு முன்னர் இப்படிப்பட்ட பாரமான போத்தல் மாங்குளத்துக்குக் கண்டி வீதி வழியே மாட்டு வண்டியில்தான் வந்திருக்க வேண்டும். புகையிரதம் வந்தபின் சோடாப் பெட்டி நிலையத்தில் இறங்கியிருக்கும். இது சான்று அல்ல, ஒரு சாத்தியம் மட்டுமே. ஆயினும் பொறித்த ஊர்ப்பெயரோடு சேர்த்துப் பார்க்கும்போது ஓர் ஊகத்துக்கு வலுவைத் தரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தியாவில் கோலி சோடா இன்றும் விற்பனையாவதால் போளைப் போத்தல்கள் அங்கே இன்றும் செய்யப்படுகின்றன. அவற்றைப் பழையவை என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கிணற்றுச் சேற்றில் பல காலம் கிடந்த உங்கள் போத்தலுக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

கழுவும்போது சாம்பல், மணல், இரும்புத் தும்பு எதுவும் வேண்டாம். மண்ணில் நெடுங்காலம் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பு ஈரத்தால் அரிக்கப்பட்டு, எண்ணெய் படிந்த நீர்போல வானவில் நிறத்தில் மின்னும். அந்தப் படலம் அழுக்கு அல்ல, கண்ணாடியேதான். தேய்த்தால் உதிர்ந்துவிடும். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓர் இரவு ஊற வையுங்கள். உட்புறத்துக்கு ஒரு பிடி அரிசியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் விட்டுச் சுழற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம், பழைய கண்ணாடி வெப்ப மாற்றத்தைத் தாங்காது. போளையை எடுப்பதற்காகப் பிள்ளைகள் எத்தனையோ போத்தல்களை உடைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் கதையை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் அலுமாரியில் இருந்த பாற்கட்டி நிறக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றின் அடியில், சாய்சதுரக் கட்டம் ஒன்று மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேல் மூலையில் ஓர் இலக்கமும், வலப்பக்க மூலையில் எஸ் என்ற ஆங்கில எழுத்தும் உள்ளன. இது என்ன? – வாசகி, வவுனியா

பதில்: கண்ணாடி சேகரிப்பவர்கள் கனவு காணும் அடையாளம் அது. பிரித்தானியாவில் ஒரு வடிவத்தைப் பிறர் நகலெடுக்காதவாறு பதிவு செய்தவர்கள் 1842 முதல் 1883 வரை அந்தச் சாய்சதுரக் குறியைப் பொருளில் பொறித்தார்கள். உச்சியில் உள்ள சிறு வட்டத்தில் உரோம இலக்கத்தில் மூன்று இருந்தால் பொருள் கண்ணாடி என்று அர்த்தம். நான்கு மூலைகளிலும் நாள், மாதம், ஆண்டு, பதிவுக் கட்டு ஆகியவை எழுத்துகளாலும் இலக்கங்களாலும் குறிக்கப்படும்.

இங்கேதான் கவனம் தேவை. 1842 தொடக்கம் 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் மூலையில் இருந்தது. அதற்குள் எழுத்துகள் தீர்ந்துவிட்டதால், 1868இல் மூலைகளை மாற்றி, ஆண்டெழுத்தை வலப்பக்கத்துக்குக் கொண்டு சென்று, அதே எழுத்துகளை மறுபடியும் பயன்படுத்தினார்கள். எஸ் என்ற எழுத்து மேலே இருந்தால் 1849. வலப்பக்கத்தில் இருந்தால் 1875. உங்கள் கிண்ணத்தில் மேலே இலக்கமும் வலப்பக்கத்தில் எஸ்ஸும் இருப்பதாக நீங்கள் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால், வடிவம் பதியப்பட்ட ஆண்டு 1875 என்று தயக்கமின்றிச் சொல்லலாம். இடம் மாறினால் இருபத்தாறு ஆண்டுகள் மாறிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். புகைப்படத்தைத் தலைகீழாகப் பார்த்து வயது சொன்னவர்கள் உண்டு.

ஆயினும் 1875 என்பது வடிவம் பதியப்பட்ட ஆண்டே ஒழிய, உங்கள் கிண்ணம் அச்சில் அழுத்தப்பட்ட ஆண்டு அல்ல. விற்பனை நன்றாக இருந்தால் அச்சுத் தேயும்வரை பல ஆண்டுகள் அதே வடிவத்தைச் செய்வார்கள். அதைச் சற்றே நெருங்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. கிண்ணத்தின் உட்புற அடியில் மயில் தலை போன்ற ஒரு சின்னம் இருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அது கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி தொழிற்சாலையின் வணிகக்குறி, 1876இல் பதியப்பட்டது. அது இருந்தால் கிண்ணம் 1876இலோ அதன் பின்னரோ செய்யப்பட்டது.

வெட்டுக் கண்ணாடியா, அச்சுக் கண்ணாடியா என்று கேட்டு எழுதிய வேறு வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாணைக் கல்லில் வெட்டிய கோலத்தின் ஓரம் விரலில் கூர்மையாகப் படும். அச்சில் அழுத்திய கோலத்தின் ஓரம் தேய்ந்த சவர்க்காரம்போல மழுங்கியிருக்கும். எங்காவது பொருத்துக்கோடும் தென்படும். 1884 முதல் சாய்சதுரத்துக்குப் பதிலாகத் தொடர் இலக்கம் வந்தது. அது ஒன்றிலிருந்து தொடங்கி, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே பதிவு இலக்கம் மூன்றரை இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. பதிவைக் குறிக்கும் எழுத்துகள் இல்லாமல் அடியில் தனியே நிற்கும் இரண்டு அல்லது நான்கு இலக்கங்களை ஆண்டு என்று வாசிக்காதீர்கள். அவை பெரும்பாலும் அச்சின் இலக்கங்கள்.

கேள்வி: புறஊதா ரோச் வெளிச்சத்தில் என்னிடமுள்ள மஞ்சள் கலந்த பச்சைத் தட்டு கடும் பச்சையாக ஒளிர்கிறது. யுரேனியம் இருக்கிறது என்கிறார்கள். வீட்டில் வைத்திருக்கலாமா? – வாசகர், கிளிநொச்சி

பதில்: அலுமாரியில் வைத்திருக்கலாம். பொஹீமியாவில் 1830களில் யோசெப் ரீடல் யுரேனியம் சேர்த்த மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளைப் பெயர் பெறச் செய்தார்; பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருமளவில் செய்தார்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றில் யுரேனியத்தின் அளவு நூற்றுக்கு இரண்டு வீதத்தையும் எட்டாது. கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆயினும் புளிப்பான உணவையோ பானத்தையோ அதில் ஊற்றி வைக்க வேண்டாம். உடைந்தால் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் அரசுகளின் கட்டுப்பாட்டுக்குள் சென்றதால் அதைக் கண்ணாடிக்குப் பயன்படுத்துவது தடைப்பட்டது. போருக்குப் பின்னர் மறுபடியும் செய்யப்பட்டது. எனவே ஒளிர்வது மட்டும் வயதுக்குச் சான்றாகாது. மங்கலான பச்சை ஒளி மட்டும் வந்தால் அது மாங்கனீசாகவும் இருக்கலாம். கண்ணாடியின் பச்சையை நீக்குவதற்காக மாங்கனீசு சேர்த்த பழைய வெள்ளைப் போத்தல்கள், ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் இளம் ஊதாவாக மாறும். அப்படி மாறியவை பெரும்பாலும் 1880களுக்கும் முதலாம் உலகப் போருக்கும் இடைப்பட்டவை. கடும் ஊதாவைக் கண்டால் நம்பாதீர்கள். கதிர்வீச்சுக் கருவியால் செயற்கையாக நிறமேற்றி விற்கிறார்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் எங்கள் காணியில் மலசலகூடக் குழி வெட்டியபோது, கீழே ஒடுங்கி மேலே அகன்ற சதுரமான கறுப்புப் போத்தல் ஒன்றும் அதன் உடைந்த துண்டுகள் பலவும் வந்தன. இன்னும் தோண்டினால் மேலும் கிடைக்குமா? – வாசகர், முல்லைத்தீவு

பதில்: தோண்டாதீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. நமது மண்ணில் கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணியிலும், தேவைக்கு வெட்டிய ஆழத்துக்குக் கீழே போத்தல் தேடி மண்வெட்டி போடுவது எந்தப் போத்தலுக்கும் ஈடாகாது.

இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக நம்பப்படும் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது, அதை அறிவித்தாக வேண்டும், அனுமதியின்றி அகழக் கூடாது. பிரதேச செயலகத்தில் சொன்னால் யாரிடம் அறிவிப்பது என்று வழிகாட்டுவார்கள்.

உங்கள் போத்தல் அந்த எல்லைக்கு முந்தியதா பிந்தியதா என்பது தான் கேள்வி. சதுர உடலும் ஒடுங்கிய அடியும் கொண்ட இவ்வகைப் போத்தல், ஒல்லாந்தரின் ஜின் மது அடைத்து, மரப் பெட்டியின் அறைகளுக்குள் இடைவெளி விடாமல் அடுக்குவதற்காக அமைந்தது. முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கோட்டை ஒன்று இருந்தது. பின்னர் ஆங்கிலேயரிடமிருந்த அந்தக் கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803இல் தாக்கிக் கைப்பற்றியதை நீங்கள் அறிவீர்கள். எனவே ஒல்லாந்தர் போத்தல் அங்கே கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் இதே வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் அடியைப் பாருங்கள். ஊதிய போத்தலின் அடியில் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்து, வாயைச் செய்து முடித்தபின் கோலைத் தட்டி உடைத்தெடுப்பார்கள். அது சொரசொரப்பான வட்ட வடுவை விட்டுச் செல்லும். 1860களுக்குப் பின்னர், அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி பரவியதால் போத்தல்களில் இந்த வடு அரிதாயிற்று. வடுவும் இருந்து, பொருத்துக்கோடும் பொறித்த எழுத்தும் இல்லாமல், நான்கு பக்கங்களும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டு, கழுத்து மிகக் குட்டையாக இருந்தால் பழைமையின் பக்கம் நிற்கலாம். கம்பனிப் பெயர் பொறித்து, பக்கங்கள் கணக்காக இருந்தால் அது பிற்காலத்தது. கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உடைந்த துண்டொன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் அது கரும்பச்சையோ கருமண்ணிறமோ என்று தெரியும்.

துண்டுகளை எறியாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், வேறு எவற்றோடு கிடைத்தன என்று எழுதி, அவற்றோடு ஒரே பையில் வையுங்கள். வயது சொல்ல வருபவருக்கு முழுப் போத்தலைவிட அந்தக் குறிப்பு கூடுதலாக உதவும்.

கேள்வி: மாந்தைப் பக்கம் மழை பெய்து ஓய்ந்தபின் கடுகளவு சிவப்பு, நீலக் கண்ணாடி மணிகள் தெரியும். சின்ன வயதில் பொறுக்கிய சில என்னிடம் உள்ளன. எவ்வளவு பழையவை? – வாசகி, மன்னார்

பதில்: மாந்தை, அதாவது மாதோட்டம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புகழ்பெற்ற துறைமுகம், 1980களில் நடந்த அகழ்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. குழாயாக இழுத்துத் துண்டுகளாக நறுக்கிய மணியில், நுண்குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிய மணியில் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இதைப் பாருங்கள். முல்லைத்தீவு வாசகருக்குச் சொன்ன சட்டம் உங்களுக்கும் பொருந்தும். இனிப் பொறுக்க வேண்டாம். இருப்பவற்றைக் கோத்து அணியவும் வேண்டாம்.

கேள்வி: ஐயா, எனது கேள்வி உங்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். அம்மா காலமானபின் அவருடைய பெட்டிக்குள் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று இருந்தது. நான் சாதாரண தரம் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். உள்ளே கரி படிந்திருக்கிறது. கழுவி வைக்கவா? இதற்கும் வயது பார்க்க முடியுமா? – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சிறிய கேள்வி அல்ல. இந்த இதழுக்கு வந்தவற்றுள் நான் பல தடவை வாசித்த கடிதம் இதுதான்.

போத்தலைப் பற்றி முதலில் சொல்கிறேன். திருகு மூடிக்கான புரிகளோடு, பொருத்துக்கோடு விளிம்பின் உச்சிவரை செல்லும். ஆகவே இயந்திரத்தில் செய்தது. சிலோன் என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 1972க்கு முற்பட்டது; அந்த ஆண்டில்தான் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா என்று மாறியது. அந்தப் பெயர் இல்லாவிட்டால், போத்தலின் வயதை இதற்கு மேல் நெருக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உங்களிடம் இருப்பது போத்தல் அல்ல, விளக்கு. அதன் வயதைச் சொல்வது கண்ணாடி அல்ல, மண்ணெண்ணெய்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை வன்னியில் 2002 சனவரி வரை நீடித்தது. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணிச் செலவழித்த காலம் அது. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெய்க்கு வழியில்லாதபோது, ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பியில் தாங்கிய மெல்லிய திரியை எரித்தார்கள். போத்தலின் சுவரே சிமினியாகிக் காற்றைத் தடுத்தது. உங்கள் விளக்கின் காலம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கும்; நீங்கள் சாதாரண தரம் எழுதிய ஆண்டைச் சேர்த்தால், இந்த இதழில் நான் பார்த்த எந்தப் பொருளையும்விடத் துல்லியமாக அடங்கும். 1875 என்று வாசித்த அந்தக் கிண்ணத்தில்கூட அதை யார் எப்போது பயன்படுத்தினார் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

ஆகவே கழுவாதீர்கள். மாங்குளம் வாசகருக்குச் சொன்ன வினாகிரியும் அரிசியும் உங்களுக்கு வேண்டாம். அந்தக் கரிதான் அது விளக்காக இருந்ததற்கான சான்று. வெளிப்புறத் தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் தட்டிவிடுங்கள். உள்ளே பஞ்சு எஞ்சியிருந்தால் அதையும் எடுக்க வேண்டாம். எண்ணெய் மணம் இருந்தால் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கம்பியில் துரு இருந்தாலும் நிமிர்த்தாதீர்கள். அம்மாவின் கை வளைத்த வளைவு அது. பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் நிமிர்ந்தபடி வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கரி வழிந்துவிடும்.

விளக்கு எந்த ஊர்களில் எரிந்தது, எந்தெந்த இடப்பெயர்வில் எந்தப் பெட்டிக்குள் வந்தது, எண்ணெய் எங்கே வாங்கினீர்கள், ஓர் இரவுக்கு எவ்வளவு விட்டீர்கள் என்று உங்கள் கைப்படப் பென்சிலால் எழுதுங்கள். மை காலப்போக்கில் மங்கும். அந்தத் தாளைக் கண்ணாடியில் பசையால் ஒட்டாமல், மடித்துப் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.